இடக்கை மாலுமி

இலண்டன், 9 மார்ச் 1874

அன்பு மகனே,

ஆறு ஆண்டுகளாக என் கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. இருந்தாலும் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு கடற்கதைப் புத்தகத்துக்குப் படம் வரைந்தேன். மரக்கட்டையில் வரைவது அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால், முப்பது வருடமாகக் கண்ணாடியில் சரிபார்த்தே கொடுப்பவன் நான். இந்த முறை மறந்துவிட்டேன். கட்டையைச் செதுக்கும் டாப்லி முதல் தாளை அச்செடுத்ததும் சிரித்தார்.

"என்ன பெரியவரே, உங்க மாலுமி பீச்சாங்கையால மேப் போடுறான்! வயசாயிடுச்சா?"

வெட்கத்தோடு தாளை எட்டிப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, நாக்கு நுனியைக் கடித்தபடி வரைந்துகொண்டிருந்தது நீதான்! நான் உன் இடக்கையை நாற்காலியோடு கட்டி, வலக்கையால் எழுதப் பழக்கிய நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் துணிவில்லை. அந்த நாட்களுக்கு முன் நீ இப்படித்தான் வரைவாய்.

பதிப்பாளர் கொதித்தார். "வேற கட்டையில வரைஞ்சு குடுங்க. ஊரே சிரிக்கும்!"

"தப்பு இல்லீங்க. அவன் இடக்கைக்காரன்."

"கதையில அப்படி எங்க இருக்கு?"

"படத்துல இருக்கு. மாத்த மாட்டேன்."

பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"அடேங்கப்பா, பெரியவருக்கு வாய் இருக்கு!" என்றார் டாப்லி. பதிப்பாளர் முணுமுணுத்தபடியே அச்சுக்கு அனுப்பினார்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வரி பதில் போடு. இடக்கையாலேயே எழுது. கை பட்டு மை கலைந்தாலும் பரவாயில்லை.

உன் அப்பா