காட்ஸ் என்ற பெயரும் கல்லில் இருந்த கூஜாவும்

ஹைஃபா, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அமிட்டாய்க்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, லீமாவின் மூடுபனியில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். மற்றபடி இந்த வீட்டில் எது சரியாக இருக்கிறது, எது கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை. மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் தாளைக் கிழித்தாயிற்று. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் பேசுகிற கொஞ்ச நேரமும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. முன்னுக்குப் பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள், என் தலையே இப்போது அப்படித்தான் இருக்கிறது.

நம் குடும்பப் பெயர் உள்ளவர்களையெல்லாம் வெட்டி ஒட்டி வைக்கும் அப்பாவின் காட்ஸ் புத்தகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அது இரண்டு தொகுதியாகப் பெருத்துவிட்டது. செய்தித்தாளில் எங்கே காட்ஸ் என்று வந்தாலும் கத்தரிக்கோலோடு பாய்வார், நான் எடுத்து வைத்திருக்கும் சமையல் குறிப்பின் பின்பக்கத்தில் கட்டாயம் ஒரு காட்ஸ் இருப்பான். வேதியியல் பேராசிரியர், வயலின் வித்வான், பளு தூக்குகிறவர், பிரேசிலில் எங்கோ மேயராக இருந்த ஒரு அம்மாள், எல்லோரும் "நம்மாளு". பாங்கியைக் கவிழ்த்துவிட்டு ஓடிய காட்ஸையும் விடவில்லை, அவனை மட்டும் பென்சிலில் எழுதினார். அந்தப் பெயரே எபிரேயத்தில் நீதியுள்ள ஆசாரியன் என்பதன் சுருக்கம், ஆகவே அத்தனை பேரும் அந்தக் காலத்து ஆலயத்தில் ஊழியம் செய்த ஆரோன் வழிவந்த ஆசாரியர்கள், ஆகவே நாமும் அப்படியே, இதில் பேச்சுக்கே இடமில்லை என்பார். இந்த வசந்தத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது, தாத்தாவின் ஊர்ப் பக்கமான கலீசியாவில் அந்தக் காலத்தில் பேர்போன மதகுருவாக இருந்த ஒரு ரப்பி காட்ஸ் நம் முப்பாட்டன்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். அங்கே இப்போது பழைய காப்பகங்களைத் திறந்துவிட்டார்கள் அல்லவா, கொலோமியாவில் பிறந்த தன் அப்பா மேயிருடைய பிறப்புப் பதிவு வேண்டும் என்று எழுதிப்போட்டார். சும்மா இருந்திருக்கலாம்.

பதில் போன மாதம் வந்தது. தாய் ஹின்டா காட்ஸ், தகப்பன் செலிக் பிராண்ட் என்று இருக்கிறது. அந்த ஊரில் அப்போது நம்மவர்கள் ரப்பியின் முன்னால் கல்யாணம் செய்துகொண்டு சர்க்காரில் பதியாமலே விட்டுவிடுவார்களாம், அப்படிப்பட்ட கல்யாணத்துப் பிள்ளைக்குச் சர்க்கார் தாயின் குடும்பப் பெயரைத்தான் எழுதுமாம். ஆக, இந்தக் காட்ஸ் ஹின்டாவுடைய காட்ஸ். பெயர் ஒரு பெண் வழியாக வந்துவிட்டது, ஆசாரியத்துவம் பெண் வழியாக வராது. அதோடு விட்டதா என்றால் இல்லை, காப்பகத்து மனிதர் புண்ணியம் கட்டிக்கொள்வதாக நினைத்து மேயிரின் கல்லறைக் கல்லையும் படம் எடுத்து வைத்திருந்தார். ஆசாரியன் கல்லில் ஆசீர்வதிக்கும் இரண்டு கைகள் இருக்க வேண்டும். இதில் ஒரு கூஜா. கூஜா என்றால் லேவியன், ஆசாரியர் கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்தக் கூஜாவில் கைகளைத் தேடினார் அமிட்டாய், ஒரு முழு மத்தியானம் தேடினார். நாலு வயதில் தகப்பனை இழந்து, ஏழு வயதில் சித்தியோடு கப்பலில் வந்து இறங்கியவரிடம் இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? விடுதிப் பள்ளியில் முதல் நாள் ஆசிரியர் பெயரைக் கேட்டு, காட்ஸா, போய் ஆசாரியப் பிள்ளைகளோடு நில் என்றாராம். போய் நின்றவர்தான், கிட்டத்தட்ட அறுபது வருஷம் நின்றுவிட்டார்.

ரப்பி ஸில்பர்மனிடம் போனோம். தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தாடியை உருவினார். "ஷ்ராகா, பெரியவங்க கூடிப் பாத்து முடிவு சொல்றவரைக்கும் மேடை ஏறி ஆசீர்வாதம் பண்ண வேண்டாம். அதுக்காக நீ ஆசாரியன் இல்லைன்னும் நான் சொல்லலை" என்றார். இதில் எதை எடுத்துக்கொள்வது? ஓய்வுநாளில் ஆசாரியர்களை அழைக்கும்போது ஏறாத ஆசாரியன் வெளியே போய்விட வேண்டும், ஆசாரியன் அல்லாதவன் உள்ளே நின்று ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ள வேண்டும். உன் அப்பா ஜெபஆலயத்து வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாராம். முப்பது வருஷமாக அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றிய நம் மாடிவீட்டு ஹெர்ஷ்கோவிட்ஸுக்குக் கேட்க வேண்டுமா, படிக்கட்டில் வழிமறித்து, "யோவ் ஷ்ராகா, இத்தனை வருஷம் ஓசியில கை கழுவியிருக்கே, வா, வந்து பாதிக் கூஜாவையாவது பிடி" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பத்திரிகை வந்தால் மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்கிறது.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் அப்பாவை அடக்கம் செய்த அன்று ஆசாரியன் மாமனாரின் கல்லறைக்கு வரக்கூடாது என்று இவர் மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றார், நான் உள்ளே தனியாக நின்றேன். அந்த நாளை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்? சரி, அதை விடு. நான் சொல்ல வந்ததை விட்டு எல்லாவற்றையும் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன் என்பது உனக்கும் தெரியும். நீ கட்டிக்கொள்ள நினைத்த ஓர்னாவைப் பற்றித்தான். ஆசாரியன் விவாகரத்தானவளைக் கட்டக் கூடாது, இங்கே ரப்பிகள் நடத்திவைக்க மாட்டார்கள் என்று சைப்ரஸ் போய்ப் பதிந்துகொண்டு வந்தால் எனக்கு மகனே இல்லை என்று அப்பா அன்று மேசையைத் தட்டினார். நாம் லேவியர் என்றால், ரப்பியே சொல்லிவிட்டார், ஒரு தடையும் இருந்திருக்காது. இந்தத் தெருவிலேயே கல்யாணம் நடந்திருக்கும்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. ஓர்னாவுக்கு உன் மேல் சலிப்பு வந்துவிட்டது, அவளே பின்வாங்கிவிட்டாள் என்று நீ ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் பின்வாங்கவில்லை. நீங்கள் சைப்ரஸுக்கு டிக்கெட் எடுத்திருந்த வாரம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பனையும் மகனையும் பிரித்துவிடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் அனுப்பிப் போகவில்லை, அப்பாவுக்கும் தெரியாது. அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் உன்னிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீ பெருவுக்குப் போய்விட்டாய், அப்பனையும் மகனையும் நானே பிரித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போனேன். இன்னும் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை, தலையில் கொஞ்சம் நரை. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டோடு வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பதிவு, கல், கூஜா என்று எல்லாவற்றையும் கொட்டினேன், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல செய்தி கொண்டுவந்தேனா, கெட்ட செய்தியா என்றுகூடத் தெரியாமல்தான் போனேன். அவள் மாத்திரையை எண்ணிப் பையில் போட்டுவிட்டு, "அப்ப நான் வேண்டாதவ. இப்ப ஒரு கல்லு கெடைச்சதும் நான் நல்லவளாயிட்டேனா?" என்று கேட்டாள். நான் மாத்திரைப் பையை எடுத்துக் கைப்பையில் திணித்தேன். அவளே, "அவனுக்கு எழுதுங்க. கல்லை மட்டும் எழுதாதீங்க, அன்னிக்கு என் வீட்டுக்கு வந்ததையும் சேத்து எழுதுங்க. அப்புறம் பேசறதும் பேசாததும் அவன் இஷ்டம், எடுக்கறதும் எடுக்காததும் என் இஷ்டம்" என்று சொல்லி ஒரு துண்டுத் தாளில் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி மடிக்கப் போகையில் அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. சத்தம் போடுவார் என்று பார்த்தேன். இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "கல்லுல கை இருந்திருந்தா, நாம பண்ணினது சரியாயிருக்குமா பெனினா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. "அப்ப அவனையே கேளு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆகவே கேட்கிறோம் கண்ணு. நீ கோபமாகப் பதில் எழுதினாலும் சரிதான், எழுது.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக, உன் வழியில் நடக்கத் துணையாக இருப்பாராக. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். ஓர்னா கடையிலிருந்து வீடு வந்துசேர இரவு ஏழு ஆகும், லீமாவில் அப்போது காலை பதினொரு மணி. எங்களுக்கு அப்புறம் எழுதினால் போதும்.

உன் அம்மா பெனினா,
பக்கத்தில் அப்பா