வாசிக்காமல் போட்ட சம்மதம்

யாழ்ப்பாணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி கஜந்தினிக்கு,

யதுசன் எழுதுவது. சுகம் கேட்டுத் தொடங்க எனக்கு முகமில்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் என்னைத் தடுத்து வைத்திருப்பது நியாயம்தான். மெல்பேர்ண் விலாசத்தை உங்கள் சிநேகிதி தர்சினியிடம் கெஞ்சி வாங்கி, கூரியரில் அனுப்புகிறேன்.

அலுவலகத்தில் இப்போது பத்துப் பேர். புதுக் கதிரைகள், மேல்மாடியில் கரம்போர்டு எல்லாம் வந்துவிட்டன. ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் செத்துப்போய்விட்டது. வடையும் தேத்தண்ணியுமாக இருந்து, அந்த வாரம் விட்ட பிழையை அவரவரே சொல்லுவோமே. சொன்னவரில் குற்றம் பிடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டவனும் நான்தான். இப்போது ஒருவரிடமும் ஒரு பிழையும் இல்லையாம். வடை மட்டும் முடிகிறது.

போன மாதம் லக்ஷன் ஒரு பிழையை மூன்று நாள் மறைத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். "கஜந்தினி அக்காவும் உள்ளதைத்தானே சொன்னவா அண்ணை. பிறகு என்ன நடந்தது?" என்றான்.

நோயாளர் பதிவுகளை அழித்த அந்த மென்பொருள் மாற்றத்தை எழுதியது நீங்கள். அதை வாசித்துப் பார்த்துச் சம்மதம் கொடுக்கவேண்டியது நான். அன்று மச்சானின் கலியாணப் பந்தியில் இருந்தபடி, ஒரு வரிகூட வாசிக்காமல், இடக்கையால் போனில் சம்மதத்தை அமத்தினேன். யார் செய்தது என்று கம்பனியின் லண்டன்காரர் கேட்டபோது, நீங்கள் கூட்டத்தில் நம்பிச் சொன்னதையே எடுத்து உங்கள் பெயரைக் கொடுத்தேன். என் பெயரை விழுங்கிவிட்டேன். வேலையை விட்டுப் போகவேண்டி வந்தது உங்களுக்கு. சம்மதம் என்னுடையது என்று தெரிந்தும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நினைக்க நினைக்க வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

முந்தாநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். லண்டனுக்கும் எழுதிவிட்டேன். என் தலைமைப் பொறுப்பை அவர்கள் பறித்தால் பறிக்கட்டும்.

பெரிய துணிச்சல்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்றுச் சாவகச்சேரிச் சந்தையில் உங்கள் அப்பாவைக் கண்டேன். என் இரண்டு கையையும் பிடித்து, மகள் விட்ட பிழையைப் பொறுத்து, மரியாதையாக அனுப்பிவைத்ததற்கு நன்றி சொன்னார். நான் "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

தங்கச்சி, நீங்கள் அவருக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். வாற ஞாயிறு கரவெட்டியில் உங்கள் வீட்டுக்குப் போய் நானே சொல்லவேண்டும். வாசலில் நின்று திரும்பி வராமல் இருக்க, எனக்காக ஒருதரம் கும்பிட்டுக்கொள்ளுங்கோ.

தலைகுனிந்து,
யதுசன்