மாமி வேண்டாமென்ற ஆட்டம்

மச்சாள்,

பெட்டியைத் திறந்தால் தோல் மணம்தான் முதலில் வருகிறது. மெல்பேர்னிலிருந்து உன் கழகம் அனுப்பிய பெட்டி. உள்ளே ஒரு கிரிக்கெட் பந்து, ஒரு ஃபுட்டிப் பந்து. இரண்டும் சிவப்பு, இரண்டுக்கும் ஒரே மணம். ஒன்று உருண்டை, மற்றது முட்டை வடிவம். என் நாலு வயது மகள் முட்டைப் பந்தைத் தரையில் குத்தினாள். அது மேலே வராமல் பக்கவாட்டில் பாய்ந்தது. "அம்மா, இது சொல்லுக் கேக்காது" என்றாள். முகத்தில் பட்டுவிடுமோ என்று பறித்து வைத்துவிட்டேன். இப்போது அவள் நித்திரை. பந்து என் மடியில்.

நீ போன முப்பத்தோராம் நாளுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டில், உன் நினைவுப் புத்தகத்தில், உன் விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி மாமி என்னிடம் கேட்டார். ஸ்காபரோவில் ஒரே கட்டிடத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். கார் நிறுத்துமிடத்தில் நான் எறிய நீ பிடிப்பாய். தன் மகளைப் பற்றி எழுத மாமிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சுலபம் என்றுதான் நினைத்தேன். படிக்கப் போன இடத்தில் உனக்குக் கிரிக்கெட் ஒப்பந்தம் கிடைத்தது, விக்கெட் காப்பாளர். பிறகு அந்த ஊர்க் கால்பந்தான ஃபுட்டியும் சேர்ந்துகொண்டது. சில வருடம் இரண்டையும் சமாளித்தாய். பிறகு கிரிக்கெட்டை விட்டாய். ஏன் என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். "குந்திக் குந்தி முழங்கால் போச்சு, மச்சாள்" என்றாய். முழங்கால் போனவள் போய்ச் சேருகிற ஆட்டமா அது என்றதற்கு, சிரித்துவிட்டு என் மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாய்.

அதனால் உன் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். உன் முதல் ஃபுட்டி ஆட்டத்தில் பந்தைப் பிடித்த வேகத்தில், ஸ்டம்புக்கு எறிவதுபோல எறிந்துவிட்டாய். அங்கே எறியக் கூடாதாம். ஒரு கையில் வைத்து மற்றக் கையைப் பொத்திக் குத்தித்தான் கொடுக்க வேண்டுமாம். நடுவர் விசிலடித்தார். உன் அணிப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும்தான். கிரிக்கெட்டில் ஒரு பிடியைத் தவறவிட்டால் அன்று முழுக்க உன் முகம் இறுகியிருக்கும். இங்கே பிழைவிட்டுவிட்டு நீ சிரித்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காரணம் அதுதானா?

எழுதியதை மாமிக்கு வாசித்தேன். பாதியில் நிறுத்தினார்.

"ஃபுட்டியை விடு, பிள்ளை. கிரிக்கெட் போதும்."

ஆறு வருடம் ஆடினவள், எப்படி விடுவது என்றேன்.

"உந்த இடிபாட்டாலதான் வருத்தம் வந்தது எண்டு சனம் கதைக்கும். பெத்தவள் பாத்துக்கொண்டு இருந்தவளாம் எண்டும் சொல்லும்."

உன் நோய்க்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர்கள் சொன்னது மாமிக்கும் தெரியும். ஆனால் நீ அனுப்பிய முதல் காணொளியில் யாரோ உன்னைப் பின்னாலிருந்து பிடித்து விழுத்தியதைப் பார்த்தவர், அதற்குப் பிறகு ஒன்றையும் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். ஆனாலும் அந்த ஆறு வருடம் இல்லாத பக்கத்தின் கீழே என் பெயரைப் போட மனம் வரவில்லை.

அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு நாள் இருக்கும்போது, ஃபோனையும் மகளையும் எடுத்துக்கொண்டு மாமி இருக்கும் அஜக்ஸுக்குப் போனேன். ஒரேயொரு துண்டு பாருங்கோ என்றேன். மாமி என் மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். பந்து உயரப் போகிறது. நாலு பேர் ஓடி வருகிறார்கள். நீ பந்திலிருந்து பார்வையை எடுக்காமல் எழும்புகிறாய். மாமி கண்ணை மூடிவிட்டார்.

"விழுந்திட்டாளோ?"

"இல்லை மாமி, பிடிச்சிட்டாள்."

மெல்லக் கண்ணைத் திறந்தார். "பிறகேன் ஒருத்தரும் கிட்ட வரேல்லை?"

"வரக்கூடாது. அப்பிடிப் பிடிச்சா பந்து அவளின்ர. அவள் உதைக்குமட்டும் ஒருத்தரும் தொடேலாது."

மாமி ஃபோனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். நீ காலுறையை இழுத்துவிட்டு, பின்னால் சில அடி நடந்து, நின்றாய். எவ்வளவு ஆறுதலாக, அவசரமே இல்லாமல் நிற்கிறாள் என்றார். உதைத்த பந்து நடுக் கம்பங்களுக்குள் போகாமல் பக்கத்தால் போனது. அதற்கும் ஒரு புள்ளி கொடுப்பார்கள் என்றேன். தவறினதுக்குமா என்று கேட்டவர், நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எழுது, பிள்ளை. வாறவைக்கு நான் விளங்கப்படுத்துறன்."

நேற்று, முப்பத்தோராம் நாளில், விளங்கப்படுத்தவும் செய்தார். ஒரு அங்கிளைக் கதிரையிலிருந்து எழும்பவிடாமல் வைத்து, எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டை நான் இன்னும் பார்க்கிறேன். உதைக்க ஓடிவருமுன் உன் உதடுகள் அசைகின்றன. சத்தத்தைக் கூட்டினாலும் இரைச்சல்தான் கேட்கிறது. அம்மா என்கிறாள் என்பது மாமியின் முடிவு. எண்ணுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

இன்று காலை பூங்காவில் மகள் ஏணியின் உச்சிப் படியில் நின்றாள். வழக்கமாக அதற்குள் ஓடிப் போயிருப்பேன். நின்ற இடத்திலேயே நின்றேன். மேலேயிருந்து குனிந்து பார்த்து அவள் கேட்டாள்:

"அம்மா, வாய்க்குள்ள என்ன சொல்லுறீங்கள்?"