கால்மாட்டில் தொங்கிய பதினோரு பக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம், அந்த முழங்காலும் மாடிப்படியைப் பார்த்தால்தான் முனகுகிறது, மற்றபடி சொன்ன பேச்சுக் கேட்கிறது. உன் இருமல் விட்டதா, புது வீட்டில் வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து "ம், நல்லா இருக்கேன்ப்பா" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. சின்னவள் லீவுக்குப் போன காட்டு முகாமில் நடந்த கதையை அம்மா உன்னிடம் பாதி சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாளாம், மீதியை நான்தான் சொல்ல வேண்டுமாம், ஏனென்றால் தப்பு முழுக்க என்னுடையது. சின்னவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதக்கூடாது என்று இப்போது வீட்டில் உத்தரவு, அந்த உத்தரவு ஏன் வந்தது என்பதுதான் கதையே.

நீ சொல்லித்தான் அவளை அனுப்பினோம். எனக்கு மனசே இல்லை. மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஒருத்தர் கிடையாது, மத்தியானச் சாப்பாட்டை நூலகப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மைதானத்து மூலையில் எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதற்கு மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் என்னவென்று உனக்கே தெரியும். போன பிறந்தநாளுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டோம், ஒருத்தரும் வரவில்லை, கடைசியில் கீழ் வீட்டுப் பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். முகாமுக்குக் கிளம்பும் காலையில் சின்னவள் பையை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், "அங்கயும் யாரும் என்கிட்ட பேசலைன்னா இனிமே என்னை எங்கயும் அனுப்பாதீங்கப்பா, ஸ்கூலுக்கும்தான், நான் வீட்டுலயே படிச்சுக்கறேன்" என்று. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். அவள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டுச் சொன்னாள், அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். முகாம் விண்ணப்பத்தில் கடைசியில் மூன்று கோடு போட்டு, உங்கள் குழந்தையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் மூன்று கோடு கொடுத்தால் அவன் என்ன செய்வான். நான் பதினோரு பக்கம் எழுதினேன். பக்க எண், முன்னால் ஒரு பொருளடக்கம், தேவையான இடத்தில் சிவப்புச் சீட்டு, எல்லாம் உண்டு. புதியவர்களிடம் பேச மாட்டாள், தட்டில் ஒரு பதார்த்தம் இன்னொன்றின் மேல் படக்கூடாது, தலைமுடியைத் தொட்டால் பிடிக்காது, யாராவது தப்பாகச் சொன்னால் அது வாத்தியாராக இருந்தாலும் திருத்துவாள், மனசு கஷ்டப்பட்டால் தாழ்வான இடம் எதுவோ அதற்குள் புகுந்துகொள்வாள், இப்படி ஒன்று விடாமல் எழுதி ஒரு ஃபைலில் போட்டு நாடா கட்டினேன். அத்தோடு விட்டேனா. எங்கள் ஆஸ்பத்திரி வழக்கப்படி அட்டையின் மேலே கொட்டை எழுத்தில் "படுக்கையின் கால்மாட்டில் தொங்கவிடவும்" என்றும் எழுதிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதை யோசித்து எழுதவில்லை. ஆயிரக்கணக்கான ஃபைலில் எழுதிய கை, அதுபாட்டுக்கு எழுதிவிட்டது.

சரி, எழுதினேன், படிக்கிறவர்களுக்காவது புத்தி வேண்டாமா என்று நீ கேட்பாய். அந்த முகாமின் தலைவி யார் தெரியுமா, இருபது வருஷம் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிற அமளியில் அந்த ஃபைலைக் கையில் வாங்கியிருக்கிறார், அட்டையைப் பார்த்திருக்கிறார், நேராகக் கூடாரத்துக்குள் போய் சின்னவள் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கொக்கி போட்டு மாட்டிவிட்டு வந்துவிட்டார். உலகத்தில் வேறு எந்த அப்பாவும் அப்படி எழுதியிருக்க மாட்டான், வேறு எந்தத் தலைவியும் அதை அப்படியே செய்திருக்க மாட்டார், எங்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது யாருடைய வேலை என்று தெரியவில்லை என்கிறாள் உன் அம்மா.

அந்தக் கூடாரத்தில் மொத்தம் நாலு பெண்கள். சின்னவள் சாயங்காலம் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தால் மற்ற மூன்று பேரும் அவள் கட்டிலில் உட்கார்ந்து தலையோடு தலை வைத்து அந்த ஃபைலைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கம் வரை வந்துவிட்டார்களாம். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் தலைவியிடம் போய் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். எங்களுக்குப் போன் வந்தது. தலைவி பாவம், ஃபைல் விஷயத்தை அவரே சொல்லி "என் புத்தியைச் செருப்பால அடிச்சுக்கணும் சார்" என்றார். லீவு நாள்தானே, அம்மா ஓட்டும் ஸ்கூல் வேன் சும்மா நின்றிருந்தது, அதையே எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாலு மணி நேரம் அம்மா என் பக்கம் திரும்பாமல் வேனை ஓட்டினாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

போய் இறங்கினால் அங்கே ஒரே களேபரம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவளைக் காணவில்லை, அவள் கூடாரத்துப் பெண்கள் மூன்று பேரையும் ஒரு மணி நேரமாகக் காணவில்லை, சமையல்காரர் உட்பட எல்லோரும் மரத்துக்கு மரம் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஏரிக்கரை வரை ஓடினேன். அங்கே பழைய மரப்படகு ஒன்றைக் கட்டைகள் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்கு அடியிலிருந்து எட்டுப் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடி சின்னவளுடையது, ஒன்று நீலம் ஒன்று பச்சை என்று சாக்ஸ் மாற்றிப் போடுகிறவள் வேறு யார். நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி போட்ட ஒரு பெண் தவழ்ந்து வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதான் ஃபைல் எழுதினவரா? பக்கம் ஆறு, மூணாவது பத்தி. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கேள்வி கேக்கக் கூடாது, பக்கத்துல சும்மா உக்காரணும், அவளா வருவா. நீங்கதானே எழுதியிருக்கீங்க, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அம்மாவும் உட்கார்ந்தாள். ஓடி வந்த தலைவியையும் அந்தப் பெண் உட்காரவைத்தாள். ஒன்றரை மணி நேரம் நாங்கள் மூன்று பெரியவர்களும் வெயிலில் மணலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதி நேரத்துக்கு மேல் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அந்த மூன்று பேரையும் உனக்குச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரியின் பெயர் அங்கே சட்டம், எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அங்கே ஒட்டியிருக்கும் விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு மற்றவர்களுக்கு ஞாபகப்படுத்துவாள், அதனாலேயே பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டாவது நெட்டை, பதிமூன்று வயதில் என்னைவிட ஒரு சாண் உயரம், அதை மறைக்கக் கூனிக் கூனி நடக்கிறாள். மூன்றாவது ஆந்தை, ராத்திரி தூக்கம் வராது, வராதபோது மெல்லிய குரலில் பாடிக்கொண்டே இருப்பாள், இதற்கு முன் போன இரண்டு முகாம்களிலும் அவளோடு தங்க மாட்டோம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்களாம். இந்த மூன்று பேரும் அந்த ஃபைலைப் படித்தது கேலி செய்ய அல்ல. ஆந்தைதான் இதைப் பிறகு என்னிடம் சொன்னாள், "எங்களைப் பத்தி எங்க வீட்ல ஒரு வரிதான் அங்கிள் எழுதினாங்க, பிரச்சினை ஒண்ணும் இல்லைன்னு. இவளுக்குப் பதினோரு பக்கம். பொறாமையா இருந்துச்சு" என்று.

சின்னவள் வெளியே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் மடியில் போய்த் தலையை வைத்துக்கொண்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறாயா என்று அம்மா கேட்டாள். எறும்பு ஒன்று மணலில் போய்க்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் வரலை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இனிமே என்னைக் கேக்காம என்னைப் பத்தி எதுவும் எழுதக் கூடாது" என்றாள். சரி என்றேன். ஃபைலை நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம், அது என்னுடையது என்றாள். திரும்பி வரும்போது வேனில் நான் அழுதேன் பெரியவளே, அதை மறைக்க என்ன இருக்கிறது. அம்மா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தாள். சின்னவள் தங்கிவிட்டாள் என்கிற சந்தோஷம் ஒரு பக்கம், என் முகத்தைப் பார்க்கவில்லையே என்கிற வலி ஒரு பக்கம். மூன்று வார முகாமில் அவளிடமிருந்து ஒரே ஒரு அட்டை வந்தது, அதுவும் அம்மாவின் பெயருக்கு.

போன சனிக்கிழமை அவளை அழைத்து வரப் போனோம். கறுத்துப்போய் முழங்கையெல்லாம் சிராய்ப்போடு நின்றாள், தலைமுடியை யாரோ நாலு பின்னலாகப் பின்னிவிட்டிருந்தார்கள், தொடவே விடாத தலை. அங்கே அவள் பெயர் ஃபைல். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறாள். வேனில் ஏறியதும் பையிலிருந்து அந்த ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள், "திருத்தியாச்சுப்பா, படிங்க" என்றாள். எங்கள் ரெக்கார்டு ரூமில் ஒரு விதி உண்டு, நீயும் கேட்டிருப்பாய், தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது, ஒரே ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சின்னவள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். புதியவர்களிடம் பேச மாட்டாள் என்பதை அடித்துவிட்டு, "முதல் ரெண்டு நாள் மட்டும். இப்ப பேசிப் பேசித் தூங்க விடறதில்லை, எனக்கே தூக்கம் வர ஆரம்பிச்சுடுச்சு" என்று ஆந்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தட்டு விஷயத்துக்குப் பக்கத்தில் நெட்டை, "எனக்கும் அப்படித்தான், இது ஒரு குறிப்பா" என்று கேட்டிருக்கிறாள். வாத்தியாரையும் திருத்துவாள் என்ற வரியைச் சட்டம் அடிக்கவே இல்லை, கீழே "சரியானது" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். எட்டாம் பக்கத்தில் நண்பர்கள் என்று தலைப்புப் போட்டு நான் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்த இல்லை மேல் ஒரு கோடு. பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை, மூன்று கையெழுத்து, தேதி, அவ்வளவுதான். அன்றைக்குப் படகுக்கு அடியில் இருந்தார்களே, அந்தத் தேதி. நான் அதற்கு மேல் படிக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முழு வழியும் வந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் இங்கே தங்க வருகிறார்கள். நெட்டைக்கு நம் கட்டில் போதாது என்று அம்மா கூடத்தில் மெத்தையை நீளமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது, குறிப்பெடுக்கக் கூடாது என்று கண்டிப்பு. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கிறது, வீட்டிலேயே படிக்கிற பேச்சை அவள் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது அவள்தான் கேட்டாள், "அக்காவுக்கு அங்க யாருப்பா ஃபிரெண்டு?" என்று. நீ வெளிநாடு போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் ஆபீஸ் எத்தனையாவது மாடி, எந்த பஸ்ஸில் போகிறாய், அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று யார் கேட்டாலும் கடகடவென்று சொல்வேன், இது மட்டும் எனக்குத் தெரியவில்லை, உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. நீயும் இந்த வயசில் இவளைப் போலத்தான் இருந்தாய். உன்னைப் பற்றி நான் பதினோரு பக்கம் வேண்டாம், ஒரு வரிகூட எழுதிப் பார்த்ததில்லை, பெரியவள் அமைதி, அவளால் ஒரு தொந்தரவும் கிடையாது என்று எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். அதற்காக என்னை மன்னித்துவிடு. சின்னவளுக்கு எது தேவை என்று எங்களைவிட முதலில் உனக்குத் தெரிந்ததே, அது எப்படித் தெரிந்தது என்று நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, இருமலை அலட்சியம் செய்யாதே, நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. பதில் எழுதும்போது, உனக்குக் காய்ச்சல் வந்தால் உன் கதவைத் தட்டி உள்ளே வந்து உட்காருகிறவர் யார் என்று எழுது. அப்படி யாரும் இல்லையென்றால் இல்லை என்றே எழுது, நல்லா இருக்கேன் என்று எழுதாதே. அம்மாவும் நானும் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டோம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா