ஃபெஸ்டியை அக்கரைக்கு அனுப்பிய புயல்

ஜனவரி 12, திங்கள்

என் கடைக்கு மூன்றே பேர் வந்தார்கள். ரொட்டி மிஞ்சிவிட்டது. மேற்குக் காற்று, பயப்படும்படி ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு புயல் வருகிறது. இப்போது நியூஃபவுண்ட்லாந்து பக்கம் சும்மா ஒரு சுழி, அவ்வளவுதான். கைபேசிப் படத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் பார்த்தால் அழுத்தக் கோடுகள் நெருங்கி நெருங்கி, எங்கள் தீவின் தலைமேல் ஒரே கறுப்பாக நிற்கின்றன. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

தம்பி ஃபெஸ்டியிடம் சொன்னேன். "வெள்ளிக்கெழம வர்றதுக்கு இன்னைக்கே ஏன்க்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றான்.

ஏனா? போன வசந்தத்தில் ஃபெஸ்டிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி: காலைப் படகில் அக்கரை, அங்கிருந்து காரில் நகர ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், மாலைப் படகில் வீடு. வெள்ளியன்று புயல் வந்தால் சனிக்கிழமைப் படகு கிடையாது. கடல் அடங்கத் திங்கள் ஆகும். வியாழன் சுத்தம் செய்த ரத்தத்தோடு அடுத்த செவ்வாய்வரை இவன் ஓட்ட வேண்டும். அவ்வளவு இடைவெளி ஆனால் தண்ணீர் நுரையீரலில் ஏறும், இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று நர்ஸ் என் முன்னால்தான் சொன்னாள். இவன் யாரோ ஒருத்தன் இதயத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 13, செவ்வாய்

போய்விட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் குறையவில்லை.

இன்று அமெரிக்காக்காரன் வானிலைக் கணக்கு புயலை வடக்கே ஸ்காட்லாந்துக்குத் தள்ளிவிட்டது. ஐரோப்பாக்காரன் இன்னும் எங்கள்மேல்தான் நிற்கிறான். யாரை நம்புவது? ஃபெஸ்டி அமெரிக்காவை நம்புகிறான், அது அவனுக்கு வசதி.

"போன நவம்பர்ல இப்படித்தான் ஊரைக் கூட்டினே. கோழிய எல்லாம் உள்ள கொண்டாந்து என் கட்டிலுக்கடியில அடைச்சே. வேலியில ஒரு தட்டி ஆடுச்சா?"

ஆடவில்லைதான். வீடு ஒரு வாரம் நாறியதும் உண்மைதான். கோபத்தில் அவன் தட்டிலிருந்த இரண்டாவது உருளைக்கிழங்கைப் பிடுங்கினேன். அவனுக்கு அது ஆகாது. ஒன்றே அதிகம்.

ஜனவரி 14, புதன்

புயலுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பெர்னா. ஆரஞ்சு எச்சரிக்கை. இரண்டு கணக்கும் ஒத்துப்போய்விட்டன, வெள்ளி மதியம் அதன் காற்று முழுக்க எங்கள்மேல்.

"நல்ல பேருதான். நம்ம பெரிய அத்தை மாதிரி இருக்கு. அவளும் வெள்ளிக்கெழம வந்தா திங்கக்கெழம வரைக்கும் கெளம்ப மாட்டா."

நான் சிரிக்கவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி முடிந்ததும் திரும்பி வராதே, வின்னி வீட்டில் தங்கு, சனிக்கிழமையும் பார்த்துக்கொண்டு கடல் அடங்கினதும் வா என்றேன். வின்னி என்னோடு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவள். கணவன் போய் வருஷமாகிறது. நகரத்துக்கு வெளியே சொந்த வீடு, ஒரு அறை சும்மா கிடக்கிறது. காலையிலேயே பேசிவிட்டேன், "அனுப்புங்க, எனக்கும் பேச ஆள் வேணும்" என்றாள்.

ஆட்டை யார் பார்ப்பது? நான். பிரானை? நாயையும் நான்தான். உனக்குப் பனி ஒத்துக்காதே? நீ செத்தா அதைவிட ஒத்துக்காது. இப்படியே பெரிதாகி இரண்டு பேரும் கத்தினோம். பிரான் மேஜைக்குக் கீழே போய்விட்டது.

கடைசியில் மெதுவாகச் சொன்னான். "அக்கரைக்குப் படுக்கப் போன நம்மாளு யாராவது நடந்து திரும்பியிருக்காங்களாக்கா? அப்பா பெட்டியிலதானே வந்தார்."

இதுதானா. இத்தனை மாதமாக இதையா மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தான்? எனக்கு அழுகை வந்துவிட்டது. "இங்க என் கண்ணெதிர்ல நீ மூச்சுத் திணறிச் சாகறத நான் பாக்கணுமா? போடா. எங்கயாவது போய்த் தொலை. ஆனா உசுரோட தொலை!"

அவன் குனிந்து மேஜைக்குக் கீழே இருந்த பிரானைத் தடவிக்கொடுத்தான். பிறகு, "வின்னி வீட்ல நாய் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன வீடு அது."

போவான். எனக்குத் தெரியும்.

ஜனவரி 15, வியாழன்

போய்விட்டான்.

படகுத்துறையில் வழக்கம்போல நாடகம். "எங்கக்கா என்னை நாடு கடத்துறா, பாத்துக்க" என்று படகோட்டி கோல்மனிடம் சொன்னான். கோல்மன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "உன்னை வாங்கிக்கவும் அக்கரையில ஒருத்தி இருக்காளே, அதுதான் எனக்கு ஆச்சரியம்" என்றார். படகு திரும்பும்வரை நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி கையை மட்டும் தூக்கினான்.

மாலை வின்னி பேசினாள். "வந்து சேந்துட்டார். பூட்ஸ வாசல்லயே கழட்டி வெச்சார். இவரையா இவ்ளோ திட்டுவீங்க?" வாசலிலா! இந்த வீட்டில் ஒருநாள், ஒரே ஒருநாள் கழற்றியிருப்பானா?

அப்புறம் அவன் வாங்கிப் பேசினான். "வீட்டச் சுத்தி ஒரே மரம்க்கா. சந்து முழுக்க ரெண்டு பக்கமும் ஆளு ஒசரம் அஞ்சாறு மடங்குக்கு நிக்குது. ஆகாசமே தெரியல. காத்து எந்தப் பக்கம்னு எப்படித்தான் கண்டுபுடிக்கிறாங்களோ."

"நல்லதுதானே, காத்துக்கு மறைப்பா இருக்கும்" என்றேன்.

நிம்மதி. தேநீர் போட்டுக்கொண்டு சர்க்கரை இரண்டு கரண்டி போட்டேன். இனி எது வேண்டுமானாலும் வரட்டும்.

ஜனவரி 16, வெள்ளி காலை

புயல் தெற்கே இறங்கிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக. இப்போது அதன் நடுப்பகுதி நேராக எங்கள் தலைமேல் போகிறதாம். நடுவில் காற்று குறைவு. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன். கூரைக்குமேல் போட்ட கயிற்றை இன்னொரு தடவை இழுத்துக் கட்டுவதையும் விட்டுவிட்டேன்.

கோல்மன் கடைக்குத் தீப்பெட்டி வாங்க வந்தார். "நடு நமக்கு மேல போகுதுன்னா அடி முழுக்கத் தெக்குப் பக்கம், டிலியா" என்றார். தெற்கே என்றால் நகரம்தான். அந்த மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள்.

"அங்க நல்ல கல்வீடு. மரமெல்லாம் மறைப்பா நிக்குது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மரம் விழும், டிலியா."

மரம் விழும். அறுபத்து மூன்று வயசுவரை ஒரு மரம் விழுந்து நான் பார்த்ததில்லை. இந்தத் தீவில் விழ ஏது மரம்? எனக்குப் புயல் என்றால் கடல், கூரை, படகு. இந்த வாரம் முழுக்கப் படத்தை உற்று உற்றுப் பார்த்தேனே, ஒரு தடவையாவது அக்கரையில் என்ன நடக்கும் என்று பார்த்தேனா? அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்றிருந்தேன்.

வின்னிக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

வெள்ளி, மாலை

மதியம் மழை சாய்ந்து அடித்தது. அப்புறம் சட்டென்று நின்றது. காற்றழுத்த முள் நான் பார்த்திராத இடத்துக்கு இறங்கியிருக்க, வெளியே கோழி மேய்கிறது. வெயில்கூட அடித்தது. வின்னிக்கு மறுபடி போன் போட்டேன்.

போனில் இப்போது மணியும் அடிக்கவில்லை. கைபேசிக் கோபுரம் அக்கரையில்தான் இருக்கிறது.

ஜனவரி 17, சனி

ஒரு தகவலும் இல்ல. இன்னைக்கு அவன் முறை. இந்நேரம் ஆஸ்பத்திரியில இருக்கணும். இருக்கானா?

நான்தானே அனுப்பினேன். இங்கயே இருந்திருந்தா ஒரு கீறல் பட்டிருக்காது. கோல்மன் கொட்டகையில ஒரு தகரம் பறந்ததோட சரி. அவன்தான் போகமாட்டேன் போகமாட்டேன்னு அடிச்சுக்கிட்டானே, கேட்டேனா? கடவுளே, அப்பா மாதிரி வேணாம். அது மட்டும் வேணாம்.

(பிறகு)

வீட்டில் இருக்க முடியாமல் படகுத்துறைக்குப் போனேன். அலை சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. கோல்மன் படகிலிருந்த ரேடியோவில் அக்கரைத் துறைமுகத்து ஆளோடு பேசினார். நகரத்துக்குப் போகிற சாலை எல்லாம் மரம், மின்சாரம் இல்லை, ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஃபெஸ்டி? தெரியாது, விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். "வீட்டுக்குப் போ, வந்து சொல்றேன்" என்றார் கோல்மன். போகவில்லை. அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். கையிலேயே வைத்திருந்தேன்.

மதியம் தாண்டி ரேடியோ கரகரத்தது. "தீவுக்காரர் மெஷின்ல இருக்கார். ட்ராக்டர்ல வந்தாராம்."

"எதுல?" என்றார் கோல்மன்.

"ட்ராக்டர்ல. பின்னாடி சாமான் பெட்டியில ஒக்காந்து. ஒரு அம்மா கொடை புடிச்சுக்கிட்டு வந்துச்சாம்."

நான் கோல்மனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். தாடி முழுக்க டீசல் நாற்றம். பாவம், கழுத்துவரை சிவந்துபோய் ஒரு வேலையும் இல்லாத கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

பெர்னா, நீ எங்கேயாவது போய் நன்றாக இரு.

ஜனவரி 18, ஞாயிறு

தூங்கினேன். மத்தியானம்வரை.

ஜனவரி 20, செவ்வாய்

போன் வந்துவிட்டது. ஃபெஸ்டிக்குப் பேச்சு அடங்கவில்லை.

"மரம் எப்படி விழும் தெரியுமாக்கா? முதல்ல காத்து மாதிரியே இருக்காது. தரை ஆடும். அப்புறம்தான் சத்தம். அஞ்சு மரம், சந்து முழுக்க! ஒண்ணு வாசல் கேட்டு மேலயே. வின்னி அசரவே இல்ல, 'சீட்டு உங்க முறை, போடுங்க'ங்கறா."

சனிக்கிழமை விடிந்ததும் அக்கம்பக்கத்தார் மரம் அறுக்கிற மெஷின்களோடு சந்தின் இரண்டு முனையிலிருந்தும் வந்தார்களாம். "என் பேருகூட அவங்களுக்குத் தெரியாது. 'தீவுக்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, சீக்கிரம், சீக்கிரம்'னு கத்திக்கிட்டே அறுக்கறாங்க. முடியற வரைக்கும் காத்திருந்தா சாயங்காலம் ஆயிடும்னு, என்னைத் தூக்கி அடிமரத்துக்கு மேலாப்புல கைமாத்தி கைமாத்தி அந்தப் பக்கம் எறக்கிட்டாங்க. கன்னுக்குட்டிய எறக்கற மாதிரி."

"உனக்குக் கூச்சமா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா பரவாயில்ல." என்றான். "நான் தீவுலயே இருந்திருந்தேன்னா, அக்கா..."

முடிக்கவில்லை. இங்கே இருந்திருந்தால் வீடு நன்றாக இருந்திருக்கும், படகு மட்டும் நேற்றுவரை போகவில்லை.

வின்னி சீட்டில் ஏமாற்றுகிறாளாம். அதைச் சொல்லும்போது குரலில் கோபமே இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

கோல்மன் படகில் வந்தான். முகத்தில் நிறம் வந்திருக்கிறது. வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றினான்! பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சாப்பிடும்போது சொன்னான். "குளிர் முடியற வரைக்கும் அங்கயே இருந்துடறேன்க்கா. ஒவ்வொரு தடவையும் கடலைப் பாத்துப் பாத்து நீயும் நானும் செத்துக்கிட்டிருக்க வேணாம். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். வின்னிக்கும் சந்துல கெடக்கற மரத்த வெறகாப் பொளக்க ஒரு ஆளு வேணும். பிரானையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"வெறகு பொளக்கறதுக்கு நாய் எதுக்கு?"

"தொணைக்கு."

"ஞாயித்துக்கெழமை கோட்டு எதுக்குடா எடுத்து வெச்சிருக்கே?"

காதுவரை சிவந்தான். ஐம்பத்தெட்டு வயசில். "ஆஸ்பத்திரிக்கு... பாக்க கொஞ்சம் நல்லா..." என்றான்.

கோட்டுக்கு நானே பிரஷ் போட்டுக் கொடுத்தேன். மாலைப் படகு போனபின் வீட்டுக்குள் வந்தால் பிரான் படுக்கிற இடம் காலி, அவன் நாற்காலி காலி. அழுதேன். கொஞ்ச நேரம்தான். துக்கம் என்று சொல்ல முடியாது. போன வசந்தத்திலிருந்து நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்துவிட்டார்கள். வைத்த இடம் இன்னும் வலிக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

கோல்மன் வந்து, மதியத்திலிருந்து படகு கிடையாது, ஞாயிறுவரை சந்தேகம்தான் என்றார். பெரியதாக ஒன்று வருகிறதாம், பேரும் வைத்திருக்கிறார்களாம். சரி என்றேன். இன்னும் ஏதாவது கேட்பேன் என்று கொஞ்ச நேரம் நின்றார். ரொட்டி வேணுமா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டு போனார்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம். எழுந்தபோது ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது, காற்று எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை.