கழுத்தில் பதினெட்டு

மார்ச் 3
இல்லை, வலிக்கவில்லை. வலித்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். மாதச் சோதனைக்குப் போன இடத்தில், நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, "இன்னொரு மடக்கு குடிங்க" என்றார். தைராய்டின் இடப்பக்கம் ஒரு கட்டி. ஸ்கேனில் பதினேழு மில்லிமீட்டர். வயிற்றில் பதினான்கு வாரம்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். என் கழுத்தில் இருந்ததைத் தவறவிட்டிருக்கிறேன்.

மார்ச் 6
கட்டியில் ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஆகாது என்றார்கள்.

கணவன் போனில், "கட்டி எப்படி இருக்கு?"

"எந்தக் கட்டி? வயித்துல இருக்கற, உங்கம்மா கொஞ்சற தங்கக்கட்டியா, கழுத்துல இருக்கறதா?"

அந்தப் பக்கம் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமானது.

மார்ச் 14
முடிவு: சந்தேகத்துக்குரியது. புற்று என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அறுவை மருத்துவர் சொன்னது: "அவசரமில்லம்மா. மாசாமாசம் அளப்போம். வளரலேன்னா பிரசவத்துக்கு அப்புறம் எடுத்துக்கலாம். வேகமா வளந்தா அஞ்சாம் மாசமே எடுத்துடணும்."

அதாவது, குழந்தை உள்ளே இருக்கும்போதே எனக்கு மயக்க மருந்து.

மார்ச் 15
பயம். வேறொன்றும் எழுத இல்லை.

ஏப்ரல் 14
இருபத்தெட்டு மில்லிமீட்டர்.

அறிக்கையைப் பார்த்ததும் அறுவை மருத்துவர் நாட்காட்டியைத் திருப்பினார். "அடுத்த புதன் வெச்சுக்கலாமா?" பக்கத்தில் நாத்தனார் என் கையைப் பிடித்தாள். நான் அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். எதற்கு? தெரியவில்லை. கை தானாகப் பின்னால் குத்தியிருந்த படத்துக்குப் போனது. படியை மூலத்தோடு ஒப்பிடாமல் விட்டதில்லை, பழக்கம். சாம்பல் நிறக் கட்டி, குறுக்கே புள்ளிக்கோடு, ஓரத்தில் 18.

"டாக்டர், படத்துல பதினெட்டுன்னு இருக்கு."

"போன மாசப் படமா இருக்கும்மா."

"இன்னிக்குத் தேதிதான் போட்டிருக்கு. போன மாசம் பதினேழு."

வாங்கிப் பார்த்தார். திரும்ப ஸ்கேன் அறை, கழுத்தில் திரும்ப அந்தக் குளிர்ந்த பசை. பதினெட்டு. தட்டச்சில் ஒரு விரல் தவறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் கூடுவதெல்லாம் வளர்ச்சியே இல்லையாம்.

புதன்கிழமையை அடித்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன்.

வெளியே வந்ததும் நாத்தனார்: "பொட்டலம் மடிச்ச பேப்பரக்கூடத் திருத்திட்டுத்தான் கீழ போடுவீங்கன்னு அண்ணன் சலிச்சுக்கும்ல அண்ணி? இனிமே வாயத் தொறக்கட்டும், பாத்துக்கறேன்."

கர்வமாக இருக்கிறது. பெருமிதம் என்று மாற்றலாம். மாற்றப்போவதில்லை.

மே 12
18. படத்திலும்.

ஜூன் 9
18. கழுத்தை அளக்கும்போது வயிற்றில் ஓர் உதை. தன்னையும் அளக்கச் சொல்கிறதோ.

ஜூலை 7
19. "அளக்கற கை மாறினா இவ்வளவு மாறும்" என்றார் அறுவை மருத்துவர். கை மாறியதா என்று கேட்டேன். மாறியிருந்தது.

ஆகஸ்ட் 30
பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். மணிக்கட்டுப் பட்டையில் என் பெயர், நேரம், எடை. படித்தேன். பிழையில்லை. முகத்தையும் அப்படியே, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக.

அக்டோபர் 19
நாளை காலை அறுவை. நாத்தனார் மடியில் தங்கக்கட்டி தூங்குகிறது. நர்ஸ் படிவத்தை நீட்டி, "எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தான், கடைசிப் பக்கத்துல போடுங்க" என்றார். முதல் பக்கத்திலிருந்து இரண்டு முறை படித்தேன். இடப்பக்கம் என்றுதான் இருக்கிறது. தலைப்பில், 'ஒப்புதல்' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டேன். பிறகு கையெழுத்தும் போட்டேன்.