ராஜாவின் கன்னத்தில் கீறல்

மார்ச் 4

மருந்துக்கடைக்காரர் ஒரு பழைய வெள்ளிக்காசைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்காகக் கிடந்து பச்சைப் பிசுக்கு ஏறியிருக்கிறது. என் அண்ணன் கடையில் வாங்கியதாம், சொல்லும்போதே பெருமை. காசு வியாபாரிகள் அண்ணனைத் 'தராசு' என்பார்கள். அவர் சரி என்றால் மறுபேச்சு கிடையாது. அசிட்டோனில் ஊறப் போட்டேன். அது பிசுக்கைக் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. தேய்ப்பது, மெருகு போடுவது எல்லாம் என் மேசையில் நடக்காது.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காசைக் காட்டி, அதுவும் அண்ணன் தந்ததா என்று கேட்டார். ஆமாம், இந்தப் பட்டறை திறந்த அன்று கொடுத்தது. "இதை நீ எதுல வேணா போடு, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மார்ச் 5

பிசுக்கு போய்விட்டது. காசில் இருக்கும் ராஜாவின் கன்னத்தில் கண்ணிலிருந்து தாடை வரை ஒரு கீறல். நேற்று இல்லை! நானா? பிரஷ்கூடப் படவில்லையே...

லென்ஸில் பார்த்தபின்தான் மூச்சு வந்தது. கீறலுக்குள் பழைய கறுப்பு. ஓரத்தில் கரையாமல் கொஞ்சம் பசை. யாரோ கீறலைப் பசையால் அடைத்து மேலே நிறம் ஏற்றியிருக்கிறார்கள். பிசுக்கோடு அதுவும் கழன்றுவிட்டது.

மார்ச் 6

மருந்துக்கடைக்காரர் கத்தியிருந்தால் தேவலை. "குடுக்கறப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். லென்ஸை நீட்டினேன், குனியவே இல்லை. தராசு விற்ற காசில் பசையா? என் கைதான் தவறியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

மார்ச் 9

அண்ணனைப் போய்ப் பார்த்தேன். தன்னையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம் என்றார். நம்பினேன். நம்பத்தான் ஆசை. அதையே வியாபாரிகள் சங்கத்தில் சொல்லுங்கள் என்றதும் முகம் மாறியது.

"கை தவறிடுச்சுன்னு நீ சொல்லிடு. நான் வாயத் தொறந்தா என் கடையே போயிடும்மா."

என் கடை?

மார்ச் 14

காசு கொடுத்திருந்தவர்கள் ஊறப் போட்டிருந்ததைக்கூடத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்குக் 'கீறல்காரி' என்று பெயர் வைத்தாயிற்றாம்.

மார்ச் 17

அண்ணன் கொடுத்த காசை எடுத்து அசிட்டோனில் போட்டேன். இதுவும் பல்லிளித்தால் அண்ணன் சொன்னது உண்மை: அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை, ஏமாந்துவிட்டார், அவ்வளவுதான். கெட்டுப் போயேன் என்று ஒரு நல்ல காசைப் பார்த்து வேண்டிக்கொண்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 18

ஒன்றும் ஆகவில்லை.

எதில் வேண்டுமானாலும் போடு என்றாரே. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று காசு காசாகத் தெரிந்திருக்கிறது அவருக்கு. தங்கைக்கு மட்டும் நல்லதாகப் பார்த்து எடுத்திருக்கிறார். சாப்பிடப் பிடிக்கவில்லை. அழுது தீர்த்தேன்.

மார்ச் 23

சங்கக் கூட்டம். என்மேல் பிராது. நான் எதையும் மறுத்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: அண்ணன் இன்று விற்கக் கொண்டுவந்திருப்பதில் அவரே ஒன்றை எடுத்து, எல்லோர் முன்னாலும் ஊறப் போடட்டும். அசிட்டோன் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அண்ணன் காசுத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 11

மூச்சு விட நேரமில்லை. அண்ணனிடம் வாங்கியவர்களெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறார்கள். மருந்துக்கடைக்காரரும் வந்தார், மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தார். அண்ணன் கடை பூட்டிக் கிடக்கிறது. அண்ணி போனை எடுப்பதில்லை.

ஒவ்வொரு காசையும் போடும்போது, இதுவாவது அப்படியே வரட்டும் என்றுதான் நினைக்கிறேன். இதுவரை ஒன்றுகூட அப்படி வரவில்லை.